இரவல் காருக்குப் பிறந்த தேதி கேளுங்கள்

நியூ ஜெர்சியில் ரூட் 22-இலோ ரூட் 1-இலோ ஒரு தடவை போனால் போதும், டீலர்ஷிப்புகள் சாலையோரம் வரிசைகட்டி நிற்பதைப் பார்க்கலாம். அவர்களுடைய இணையதளத்தில் புதுக் கார் ஒரு பக்கம், பழைய கார் ஒரு பக்கம் இருக்கும். இரண்டிலும் சேராமல் 'சர்வீஸ் லோனர்' என்று சில வண்டிகள் தனியாகக் கிடக்கும். மாடல் புதுசாக இருக்கும். ஐயாயிரம் ஆறாயிரம் மைல்தான் ஓடியிருக்கும். ஸ்டிக்கர் விலையைவிட நாலாயிரம் ஐயாயிரம் டாலர் குறைத்துப் போட்டிருப்பார்கள்.

நாங்கள் அப்படி ஒரு வண்டியை வாங்கினோம். ஹைபிரிட் எஸ்யூவி. எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை, நான் சொல்லப்போவது ஏறக்குறைய எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தும். வாங்கியதிலிருந்து ஆபீஸிலும் பிரிட்ஜ்வாட்டர் கோயிலிலும் பார்க்கிறவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கண்டவனும் ஓட்டின வண்டியாச்சே, நம்பி வாங்கலாமா?"

தாராளமாக வாங்கலாம். ஆனால் எத்தனை பேர் ஓட்டினார்கள் என்று கேட்பதற்கு முன்னால், அந்த வண்டி எந்தத் தேதியில் ஓட ஆரம்பித்ததாகக் கம்பெனிக் கணக்கில் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் பணம் கூடுவதும் குறைவதும் அந்தத் தேதியில்தான் இருக்கிறது.

லோனர் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் காரை சர்வீஸுக்கு விடுகிறீர்கள், வேலை முடிய இரண்டு நாள் ஆகும் என்கிறார்கள். அதுவரை ஓட்டிக்கொள்ள டீலர் ஒரு வண்டி கொடுப்பார். லைசென்ஸையும் இன்ஷூரன்ஸ் அட்டையையும் நகல் எடுத்துக்கொண்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். லெக்ஸஸ், பிஎம்டபிள்யூ, வால்வோ, அக்யூரா மாதிரி கொஞ்சம் விலை கூடிய கார் விற்கிறவர்களிடம் இது வழக்கம். இந்த இரவல் வண்டிகள் டீலர் தன் ஸ்டாக்கிலிருந்து எடுத்துவிட்ட புதுக் கார்கள்தான். இத்தனை மாதமோ இத்தனை மைலோ லோனராக ஓடினால் உற்பத்திக் கம்பெனி டீலருக்கு இவ்வளவு தொகை என்று உதவி தருவது உண்டு. அந்தக் கெடு முடிந்ததும் வண்டியை விற்றுவிட்டு வேறு புதுசை உள்ளே விடுவார்கள். ஆறாயிரம் மைலில் ஒரு நல்ல வண்டியை ஏன் தள்ளிவிடுகிறார்கள், ஏதோ கோளாறு இருக்குமோ என்று பயப்படத் தேவையில்லை. அவர்கள் விற்பது வண்டியைப் பார்த்து இல்லை, காலண்டரைப் பார்த்து.

என் அம்மாவுக்கு இதைப் புரியவைக்க ரொம்ப நேரம் ஆனது. திருநெல்வேலியில் பழைய கார் வாங்கப்போனால் புரோக்கர் சொல்லும் முதல் வார்த்தை 'சிங்கிள் ஓனர்'. இரண்டாவது வார்த்தை 'டாக்டர் ஓட்டின வண்டி'. ஒரே கை, அதுவும் பொறுப்பான கை என்றால்தான் நமக்கு மனசு சமாதானம் ஆகிறது. லோனர் இதற்கு நேர் எதிர். "ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு ஓட்டியிருப்பானுக, அதைப் போய் வாங்குதியே" என்றார் அம்மா.

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. புது இன்ஜினை முதல் ஆயிரம் மைலாவது அதட்டாமல் ஓட்டச் சொல்லிப் பல கம்பெனிகளின் கையேட்டிலேயே போட்டிருக்கும். லோனர் எடுத்துப்போகிறவர் கையேட்டைப் புரட்டப் போவதில்லை. குளிர்காலத்தில் காலையில் கிளப்பின கையோடு ஹைவேயில் ஏறி மிதித்திருப்பார். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. லோனர் எடுப்பவர் பெரும்பாலும் அதே கம்பெனிக் காரை ஒழுங்காக சர்வீஸுக்கு விடுகிற ஆள். கீறல் விழுந்தால் தன் இன்ஷூரன்ஸ் மேல் வரும் என்று தெரிந்து கையெழுத்துப் போட்டவர். வேலைக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குத்தான் பெரும்பாலும் ஓட்டியிருப்பார். இப்போதைய இன்ஜின்கள் ஆறாயிரம் மைல் கலவையான ஓட்டத்தில் கெட்டுப்போகிற அளவுக்குப் பலவீனமானவையும் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காக நல்ல வண்டியை விடுவது தேவையில்லை என்பதுதான் என் எண்ணம்.

எனக்கு இந்தத் தெளிவைக் கொடுத்தவர் ஒரு சேலத்துக்காரர். பல வருஷமாக இங்கே ஒரு டீலர்ஷிப்பில் சர்வீஸ் அட்வைசராக இருக்கிறார். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கார் பார்க்கப் போகிறேன் என்றதும் அவர் சொன்னார்: "தம்பி, யார் ஓட்டினான், எப்படி ஓட்டினான்னு கேட்டா எந்த சேல்ஸ்மேனும் நல்லாத்தான் ஓட்டினாங்கன்னு சொல்லப்போறான். அதை நிரூபிக்கவும் முடியாது, பொய்னு காட்டவும் முடியாது. இன்-சர்வீஸ் டேட் என்னன்னு கேளுங்க. அது சிஸ்டத்துல இருக்கு. அதை மாத்த முடியாது."

இன்-சர்வீஸ் டேட் என்பது வாரண்டி ஓட ஆரம்பித்த தேதி. சாதாரணமாகப் புதுக் கார் வாங்கும்போது நீங்கள் சாவி வாங்குகிற நாள்தான் அது. லோனருக்கு அப்படி இல்லை. டீலர் அதை இரவல் வரிசையில் சேர்த்த அன்றே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. நான்கு ஆண்டு அல்லது 50,000 மைல், எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி என்று வையுங்கள். லெக்ஸஸ், பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், வால்வோ எல்லாவற்றுக்கும் அமெரிக்காவில் அடிப்படை வாரண்டி இந்தக் கணக்குதான். எட்டு மாதம் லோனராக ஓடி 6,000 மைல் காட்டுகிற வண்டியை வாங்கினால் உங்களுக்கு மிச்சம் 40 மாதமும் 44,000 மைலும்.

எங்களுக்கு வண்டி காட்டிய சேல்ஸ்மேன் இதை வேறு மாதிரி சொன்னார். "உங்கள் பெயருக்கு மாறுகிற நாளிலிருந்துதான் வாரண்டி, நீங்கள்தான் முதல் ஓனர்" என்றார். நல்ல மனிதர், பேச்சிலும் மரியாதை இருந்தது. அவருக்கே தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பரைக் குறித்துக்கொண்டு அதே கட்டடத்தின் இன்னொரு முனையில் இருந்த சர்வீஸ் கவுண்டருக்குப் போனேன். அங்கே இருந்த பெண்மணி பதினேழு எழுத்தையும் தட்டிவிட்டு ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்தார். வாரண்டி தொடக்கம் ஜூலை. நாங்கள் நின்றுகொண்டிருந்தது மார்ச் மாதத்தில். எட்டு மாத வாரண்டி எங்கள் கைக்கு வருவதற்கு முன்னாலேயே கழிந்திருந்தது.

அந்தத் தாளுக்கு யாரும் காசு கேட்கவில்லை. அதே கம்பெனியின் வேறு டீலரிடம் போய் வின் நம்பர் கொடுத்துக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஐம்பதாயிரம் டாலர் பொருளை வாங்கும்போது இந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கியிருக்கிறீர்களா இல்லையா என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது. ஏனென்றால் அடுத்து நான் கேட்டது விலைக் குறைப்பு இல்லை, சர்டிஃபிகேஷன்.

'சர்டிஃபைடு' என்ற சொல்லைப் பழைய கார் விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். சுருக்கமாக சி.பி.ஓ. என்பார்கள். உற்பத்திக் கம்பெனியின் விதிப்படி டீலர் வண்டியைச் சோதித்த பிறகு, ஏற்கெனவே இருக்கிற வாரண்டிக்குப் பின்னால் கம்பெனியே இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தருவது. பிஎம்டபிள்யூவில் முதல் வாரண்டி முடிந்த பிறகு இன்னும் ஓர் ஆண்டு, மைல் வரம்பு கிடையாது. லெக்ஸஸில் இரண்டு ஆண்டு, அதற்கும் மைல் வரம்பு கிடையாது. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். புத்தம் புது லெக்ஸஸ் வாங்குகிறவருக்கு நான்கு ஆண்டு அல்லது 50,000 மைல். அதே வண்டி எட்டு மாதம் இரவல் ஓடிவிட்டு சர்டிஃபைடு ஆகி வந்தால், தொடங்கிய நாளிலிருந்து ஆறு ஆண்டு வரை. எட்டு மாதத்தைக் கழித்தாலும் ஐந்து ஆண்டுக்கு மேல் கையில் நிற்கிறது. புதுசு வாங்கினவரைவிட இரவல் வண்டி வாங்கினவருக்குப் பாதுகாப்பு அதிகம்!

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. லோனரை டீலர் இரண்டு விதமாக விற்கலாம். டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம், இன்னும் யார் பெயரிலும் பதிவாகாமல் இருந்தால், மாநிலச் சட்டத்தையும் கம்பெனி விதியையும் பொறுத்து, புதுக் காருக்கு உரிய தள்ளுபடியோடும் லீஸ் சலுகையோடும் கொடுக்கலாம். அப்படி வாங்கினால் சர்டிஃபிகேஷன் கிடையாது, கழிந்த வாரண்டி கழிந்ததுதான். இல்லையென்றால் பழைய வண்டியாகக் கணக்கில் எடுத்து சர்டிஃபைடு செய்து விற்கலாம். எது உங்களுக்கு லாபம் என்பது நீங்கள் ஓட்டுகிற மைலைப் பொறுத்தது. இரண்டையும் கலந்து, புதுசு மாதிரி பேசிப் பழசு மாதிரி விற்கிற இடத்தில்தான் வாங்குகிறவர் ஏமாறுகிறார். முதல் பேச்சிலேயே இது எந்தக் கணக்கில் வருகிறது என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

எங்கள் வண்டியைச் சர்டிஃபைடு செய்துதர மேனேஜர் முதலில் தனியாகப் பணம் கேட்டார். நான் ஜூலை மாதத் தாளை மேஜையில் வைத்தேன். வாரண்டி இன்றிலிருந்து என்று உங்கள் ஆள் சொன்னதை நம்பித்தான் இந்த விலைக்குத் தலையாட்டினேன், கழிந்த எட்டு மாதத்தை உங்களால் திருப்பித் தர முடியாது, அதை ஈடுகட்டுகிற ஒன்றைத் தர முடியும் என்றேன். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். விலை அதேதான், சர்டிஃபிகேஷன் அதற்குள் அடக்கம் என்று எழுத்தில் கொடுத்தார். அந்த எழுத்து இல்லாவிட்டால் நாங்கள் எழுந்து வந்திருப்போம்.

விலையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஸ்டிக்கரில் 50,000 டாலர் என்றும் லோனர் விலை 45,000 என்றும் போட்டிருந்தால் 5,000 மிச்சம் என்று மனசு கணக்குப் போடும். ஆனால் அதே வண்டியைப் புதுசாக வாங்கப்போனால் ஸ்டிக்கர் விலைக்கா வாங்குவீர்கள்? பேரம் பேசி 47,500-க்கு முடியும் என்றால் உங்கள் உண்மையான மிச்சம் 2,500தான். அடுத்து கடன் வட்டி. புதுக் காருக்குக் கம்பெனியின் பைனான்ஸில் சலுகை வட்டி கிடைக்கும். பழைய வண்டி என்று பதிவானால் வங்கி பழைய வண்டி வட்டியைப் போடும். 40,000 டாலரை 60 மாதத்தில் கட்டுவதாக வையுங்கள். 4.9 சதவீதத்தில் மாதத் தவணை 753 டாலர். 6.9 சதவீதத்தில் 790. ஐந்து வருஷத்தில் வித்தியாசம் சுமார் 2,200 டாலர். மிச்சம் பிடித்த 2,500-இல் முக்கால்வாசிக்கு மேல் வட்டியாகவே போய்விட்டது. மீதி முந்நூறு டாலருக்கு ஆறாயிரம் மைல் ஓடின டயரும் எட்டு மாதம் தேய்ந்த வாரண்டியும்! இந்தக் கணக்கு வந்தால் பேசாமல் புதுசையே வாங்குங்கள். லோனருக்கு நான் வைக்கிற அளவுகோல் இதுதான்: பேரம் பேசிய புது விலையோடு ஒப்பிட வேண்டும், வட்டியையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். சில கம்பெனிகள் சர்டிஃபைடு வண்டிக்கும் குறைந்த வட்டி தருகின்றன. அதையும் கேட்டுப் பாருங்கள்.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டுக்கு இங்கே மன்ரோனி ஸ்டிக்கர் என்று பெயர். ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி முன்னின்று 1958-இல் கொண்டுவந்த சட்டத்தால் வந்தது. அதற்கு முன்பு டீலர் வாய்க்கு வந்ததுதான் விலை. லோனர் வண்டிக்கும் அந்தப் பழைய சீட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்தெந்த வசதி தொழிற்சாலையிலேயே போட்டது, எது டீலர் பிறகு சேர்த்தது என்று அதில் தெரிந்துவிடும்.

லோனர் வண்டியில் இருக்கவேண்டிய இன்னொரு சீட்டு 'பையர்ஸ் கைடு'. இது ஃபெடரல் டிரேட் கமிஷனின் பழைய கார் விதிப்படி 1985 முதல் கட்டாயம். புதுக் காரைக் கொண்டுவரவும் சோதித்துப் பார்க்கவும் தேவையான அளவுக்கு மேல் ஓட்டிவிட்டாலே அந்த விதிப்படி அது பழைய வண்டிதான். டெமோ வண்டிக்கும் இதே கதிதான். வாரண்டி உண்டா, 'இருக்கிறபடியே' விற்கிறார்களா என்று அந்தச் சீட்டில் டிக் அடித்திருக்க வேண்டும். அது விற்பனை ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. ஒப்பந்தம் ஒன்று சொல்லி இந்தச் சீட்டு வேறு சொன்னால், சீட்டு சொல்வதுதான் செல்லும். 'ஏறக்குறைய புதுசு' என்று சொல்லிக்கொண்டே இந்தச் சீட்டை ஒட்டாமல் விடுகிற இடத்தில் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

பழைய வண்டி என்ற இந்தப் பெயருக்கு ஒரு முக்கியமான விளைவு உண்டு. ரீகால், அதாவது பாதுகாப்புக் கோளாறைச் சரிசெய்யக் கம்பெனி திரும்ப அழைத்தது, நிலுவையில் இருக்கிற புதுக் காரை, சரிசெய்யாமல் டீலர் விற்கக்கூடாது என்று அமெரிக்க மத்திய சட்டம் சொல்கிறது. பழைய காருக்கு அந்தத் தடை கிடையாது. ஆறாயிரம் மைல் ஓடின, பளபளப்பான இந்த வண்டி அந்த ஓட்டைக்குள் விழ வாய்ப்பு உண்டு. தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் வின் நம்பரைப் போட்டால் நிலுவையில் இருக்கிற ரீகால் எல்லாம் காசில்லாமல் தெரியும். இதை வீட்டிலிருந்தே பார்த்துவிட்டுப் போங்கள்.

நேரில் பார்க்கப் போவதற்கு நியூ ஜெர்சியில் ஞாயிற்றுக்கிழமையைப்போல் தோதான நாள் கிடையாது. இந்த மாநிலத்தில் ஞாயிறன்று கார் விற்கக்கூடாது என்பது சட்டம். கடை பூட்டியிருக்கும், ஆனால் பல இடங்களில் வண்டிகள் வெளியேதான் நிற்கும், பக்கத்தில் வந்து நின்று பேச சேல்ஸ்மேன் இருக்கமாட்டார். நிதானமாகக் குனிந்து நிமிர்ந்து பார்க்கலாம். நானும் என் மனைவியும் அப்படித்தான் போனோம். நான் பெயின்டையும் பம்பரையும் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் டயர் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, இந்த ஒரு டயர்ல மட்டும் நம்பர் வேற மாதிரி இருக்கு. இங்க வந்து பாருங்க."

டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருஷம். மூன்று டயரில் 1424 என்று இருந்தது. 2024-ஆம் வருஷம் பதினான்காவது வாரத்தில் செய்தது. முன்பக்க வலது டயரில் மட்டும் 4024. அதே கம்பெனி, அதே அளவு, ஆனால் அரை வருஷம் கழித்து அக்டோபரில் பிறந்த டயர். கையை வைத்துத் தடவினால் அதன் பள்ளம் மற்ற மூன்றைவிட ஆழமாக இருப்பது விரலுக்கே தெரிந்தது. ஆறாயிரம் மைலுக்குள் ஒரு டயரை மாற்றியிருக்கிறார்கள் என்றால் ஆணி குத்தியிருக்க வேண்டும், அல்லது பள்ளத்தில் விழுந்து டயர் வெடித்திருக்க வேண்டும். இங்கே பனிக்காலம் முடிகிற சமயத்தில் சாலையில் எவ்வளவு பள்ளம் விழும் என்பது ஊரில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

வண்டியின் பழைய வரலாற்றைச் சொல்லும் கார்ஃபாக்ஸ் அறிக்கையை ஏற்கெனவே எடுத்துவைத்திருந்தோம். சுத்தமாக இருந்தது. விபத்து இல்லை, பழுது இல்லை. இதைப் புரிந்துகொள்ள வேண்டும்: கார்ஃபாக்ஸுக்கு யாராவது தகவல் கொடுத்தால்தான் அதில் ஏறும். தனி மனிதர் கார் இடித்தால் இன்ஷூரன்ஸ், போலீஸ், பாடி ஷாப் என்று எங்காவது பதிவாகும். லோனர் அடிபட்டால் பல சமயம் டீலர் தன் பட்டறையிலேயே சரிசெய்துவிடுவார், வெளியே தடம் இருக்காது. ஆனால் உள்ளே இருக்கும். டீலர் தன் சொந்த வண்டிக்குச் செய்கிற வேலைக்கும் ரிப்பேர் ஆர்டர் போட்டால்தான் மெக்கானிக்குக் கூலி கிடைக்கும். அதனால் லோனர் வாங்கும்போது கார்ஃபாக்ஸைவிட முக்கியமானது அந்த வண்டியின் ரிப்பேர் ஆர்டர் பட்டியல். திங்கட்கிழமை போய்க் கேட்டோம். கொடுத்தார்கள். ஆயில் மாற்றிய பதிவு சரியாக இருந்தது. பிப்ரவரியில் 'முன் வலது டயர் மாற்றம்' என்று ஒரு வரி, அதோடு சரி. வீல் அலைன்மென்ட் பார்த்ததாக எதுவும் இல்லை.

சர்டிஃபைடு சோதனையைச் செய்வதும் அதே டீலர்தானே. அதனால் வெளியே ஒரு மெக்கானிக்கிடம் சுமார் இருநூறு டாலர் கொடுத்துப் பார்க்கச் சொன்னோம். அவர் அந்தச் சக்கரத்தைக் கழற்றி பாலன்ஸ் மெஷினில் மாட்டிச் சுழலவிட்டார். ரிம்மின் உள்பக்க விளிம்பு ஓரிடத்தில் மட்டும் மெல்ல அலைந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, உள்பக்கத்தில் விரல் நீள வளைவு. சஸ்பென்ஷனில் ஒன்றும் இல்லை, ரிம்தான் என்று எழுதிக் கொடுத்தார். டீலர் மறுப்புச் சொல்லாமல் புது ரிம் போட்டு, அலைன்மென்ட் பார்த்து, தாளோடு கொடுத்தார். வாங்கிய பிறகு கண்டுபிடித்திருந்தால் இதை வாரண்டியில் கேட்க முடியாது. பள்ளத்தில் விழுந்த சேதம் வாரண்டியில் வராது.

வாங்கிய பிறகு என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நம்மவர்களில் நிறையப் பேர் நம்புகிறார்கள். மூன்று நாள் விதி என்று மத்திய அரசின் விதி ஒன்று இருப்பது உண்மை. வீட்டு வாசலுக்கு வந்து விற்கிறவர்களைப் போன்றவர்களுக்கானது அது. டீலர்ஷிப்பில் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிய காருக்கு அது கிடையாது. நியூ ஜெர்சியில் டீலரிடம் வாங்கிய பழைய காருக்கு, பழுதான வண்டி வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, 24,000 மைலுக்குள் ஓடிய வண்டிக்கு 90 நாள் அல்லது 3,000 மைல் வரை. அதுவும் பெரிய பாகங்கள் பழுதானால்தான். மனசு மாறிவிட்டது என்பதற்கெல்லாம் அந்தச் சட்டம் உதவாது.

கையெழுத்து மேஜையில் இன்னொன்று. 'டாக் ஃபீ' என்று ஒரு தொகை வரும், காகித வேலைக்கான கட்டணம். நியூ யார்க்கில் அதற்கு 175 டாலர் உச்சவரம்பு உண்டு. ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிக்கு வந்தால் வரம்பே கிடையாது, ஒவ்வொருவரும் ஒரு தொகை போடுகிறார்கள். அதனால் விலை பேசும்போதே எல்லாம் சேர்த்துச் சாலையில் இறங்க எவ்வளவு என்று கேளுங்கள், 6.625 சதவீத விற்பனை வரியோடு.

சாவி கைக்கு வந்த அன்று மாலை போனை இணைக்க புளூடூத் பட்டியலைத் திறந்தேன். திரை முழுக்க யார் யாருடைய போன்களோ. ஒரு அப்பாவின் ஐபோன், ஒரு நர்ஸ் தன் வேலைப் பெயரோடு வைத்திருந்த போன், குழந்தையின் செல்லப்பெயர் போட்ட ஒன்று. சிலருடைய தொடர்பு எண்கள்கூட அழியாமல் இருந்தன. வரைபடத்தில் கடைசியாகப் போன முகவரிகள், அதில் 'வீடு' என்று யாரோ குறித்துவைத்த ஒன்று. முன்பின் தெரியாத ஒரு குடும்பம் எங்கே வசிக்கிறது என்பது எனக்குத் தெரியவேண்டிய விஷயமா? டீலர் இதை அழித்துவிட்டுத்தான் விற்றிருக்க வேண்டும், அழிக்கவில்லை. செட்டிங்ஸில் போய்த் தொழிற்சாலை நிலைக்கு மொத்தமாக மாற்றிவிட்டேன். நீங்கள் எப்போதாவது லோனர் எடுத்தால், திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் போனையும் முகவரிகளையும் தயவுசெய்து அழித்துவிடுங்கள். லோனர் வாங்குகிறவர்கள் இன்னும் ஒன்றைக் கேட்கவேண்டும்: வண்டி எங்கே இருக்கிறது என்று பார்க்க டீலர்கள் ஜிபிஎஸ் கருவி பொருத்தியிருப்பது உண்டு. அதைக் கழற்றியாயிற்றா, கம்பெனியின் ஆப்பில் வண்டி இன்னும் டீலர் கணக்கில் இருக்கிறதா என்று அங்கே நிற்கும்போதே பாருங்கள். ஆப்பின் இலவசக் காலமும் பெரும்பாலும் இன்-சர்வீஸ் தேதியிலிருந்துதான் கழியும்.

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே இரவல் வண்டி கொடுக்கிற பழக்கம் குறைவு, ஆனால் டெஸ்ட் டிரைவ் வண்டிகளை டீலர்கள் விற்பது உண்டு. டீலர் பெயரில் பதிவான வண்டி என்றால் ஆர்.சி. புத்தகத்தில் அவர்தான் முதல் உரிமையாளர், நீங்கள் இரண்டாவது. நாளைக்கு நீங்கள் விற்கப்போகும்போது அந்த இரண்டு என்ற எண் விலையில் கடிக்கும். அதை இன்றே விலையில் கேட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு லோனர் சரிவராது என்றும் எனக்கு ஒரு கருத்து உண்டு. வருஷத்துக்கு இருபதாயிரம் மைல் ஓட்டுகிறவர், சர்டிஃபிகேஷன் இல்லாமல் வாங்கினால், இரண்டேகால் வருஷத்தில் வாரண்டி முடிந்து நிற்பார். கம்பெனி பூஜ்ய வட்டி அறிவித்திருக்கிற மாதத்தில் லோனர் பக்கம் திரும்பியே பார்க்கவேண்டாம். குறைவாக ஓட்டுகிற குடும்பம், பத்து வருஷம் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள், சர்டிஃபைடு தாளோடு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம், கண்ணைத் திறந்துகொண்டு வாங்கலாம்.

பென்சில்வேனியாவில் இருக்கும் என் மைத்துனர் இப்போது ஒரு லோனர் பார்த்திருக்கிறார். போட்டோக்களும் வின் நம்பரும் அனுப்பினார். ரீகால் எதுவும் நிலுவையில் இல்லை என்று பார்த்துச் சொல்லிவிட்டேன். இன்-சர்வீஸ் தேதியை சேல்ஸ்மேன் இன்னும் சொல்லவில்லையாம், நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றாராம். சர்வீஸ் கவுண்டருக்கு நேராகப் போய்த் தாளாக வாங்குங்கள், அதுவரைக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள் மாப்பிள்ளை என்று சொல்லியிருக்கிறேன்.